டாக்டரம்மா பதில்கள்: ஒழுகும் மூக்கும் இலவம்பஞ்சுத் தலையணையும்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மூக்கைப் பற்றியவை. ஆச்சரியம் இல்லை. மழை பிடித்து இரண்டு மாதம் ஆகிறது. ரங்கூனில் துவைத்த துணி மூன்று நாளாகியும் காயவில்லை, சுவர் மூலையில் கரும்பூஞ்சை ஏறுகிறது, பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகுகிறது. வயிற்றுக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை, ஊர் போதும்.

கேள்வி: என் மகனுக்கு ஐந்து மாதம். மூக்கில் எப்போதும் கர்கர் என்று சத்தம். மழை ஆரம்பித்த பிறகு அதிகம். பால் குடிக்கும்போது விட்டு விட்டு அழுகிறான். காய்ச்சல் இல்லை. குளிப்பாட்டி முடித்ததும் என் மாமியார் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊதிவிட்டு, சாம்பிராணி காட்டுகிறார். பக்கத்து வீட்டு அக்கா 'இது அலர்ஜி' என்று சொல்லி ஒரு சிரப் வாங்கிக் கொடுத்தார். கொடுக்கலாமா?
*வாசகி, தாம்வே*

பதில்: சிரப்பை மூடி மேலே வைத்துவிடுங்கள், மகளே. ஐந்து மாதத்தில் மூக்கு அலர்ஜி அபூர்வம்.

அலர்ஜி என்பது முதல் சந்திப்பிலேயே மூளுகிற சண்டை இல்லை. உடம்பு ஒரு பொருளைத் திரும்பத் திரும்பப் பார்த்து, 'இது பகையாளி' என்று தப்பாக முடிவு கட்டி, அதற்கென்றே ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் பொருளைத் தயார் செய்துகொண்ட பிறகுதான் தும்மல் தொடங்கும். வீட்டுக்குள் இருக்கிற தூசி, கரப்பான், பூனை இவற்றோடு பகை முற்றவே பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடம் பிடிக்கும். மகரந்தம் என்றால் இரண்டு மூன்று பூக்காலமாவது கடந்தாக வேண்டும். உங்கள் மகன் இன்னும் ஒரு மழைக்காலமே முழுதாகப் பார்க்கவில்லை.

அப்படியானால் அந்தச் சத்தம்? கைக்குழந்தையின் மூக்குப் பாதை மிகக் குறுகல். முதல் சில மாதம் அவர்கள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுவார்கள். அதில் துளி சளியோ, கக்கிய பாலோ நின்றாலே கர்கர். வாயில் முலைக்காம்பு, மூக்கில் அடைப்பு என்றால் பாவம், எந்த வழியாக மூச்சு விடுவான்? அதனால்தான் விட்டு விட்டுக் குடிக்கிறான், அழுகிறான்.

இதற்கு உப்புத் தண்ணீர் போதும். மருந்துக் கடையில் குழந்தைகளுக்கான உப்புநீர்ச் சொட்டு கிடைக்கும். கிடைக்காவிட்டால் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, கால் லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி அளந்து, கரைத்துக்கொள்ளுங்கள். அன்றன்றைக்குப் புதிதாக. பால் கொடுக்க ஐந்து நிமிடம் முன்னால் ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு சொட்டு. வெளியே வருகிறதைத் துணி நுனியால் துடைத்தால் ஆயிற்று. உள்ளே எதையும் விட்டுக் குடைய வேண்டாம்.

எண்ணெய் விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். மூக்கில் விட்ட எண்ணெய் மூக்கிலேயே நிற்காது. தொண்டைக்கு இறங்கும், அங்கிருந்து மூச்சுக்குழாய்க்கு வழுக்கும். தண்ணீர் போனால் இருமல் வந்து வெளியே தள்ளும். எண்ணெய் சத்தம் போடாமல் இறங்கி நுரையீரலில் தங்கிவிடும். பயிற்சி டாக்டராக இருந்தபோது, எந்த மருந்துக்கும் மசியாத நிமோனியாவோடு கிடந்த ஒரு ஏழு மாதக் குழந்தையைப் பார்த்தேன். மூன்றாம் நாள்தான் பாட்டி வாயைத் திறந்தார்: தினமும் நல்லெண்ணெய், இரண்டு மூக்கிலும். நெஞ்சுப் படத்தில் தெரிந்தது அந்த எண்ணெயின் வேலை.

சாம்பிராணியும் அப்படித்தான். மணம் தெய்வீகம், புகை புகைதான். கூந்தலுக்குக் காட்டட்டும், குழந்தையைத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். கற்பூரத் தைலத்தை மூக்கருகே தடவுவதும் வேண்டாம், இரண்டு வயதுக்குக் கீழே அது ஆபத்து. இதற்காக மாமியாரோடு சண்டை போடாதீர்கள். 'டாக்டரம்மா எழுதியிருக்கிறார்' என்று இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள், வசவு எனக்கு வரட்டும்.

ஒன்று மட்டும் கவனம். தூங்கும்போது சட்டையைத் தூக்கி மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இந்த வயதில் 50-ஐத் தொட்டாலும், விலாவுக்குக் கீழே நெஞ்சு உள்ளே குழிந்தாலும், பாலை அடியோடு மறுத்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு.

கேள்வி: என் மகளுக்கு நாலு வயது. வருடம் பூராவும் காலையில் எழுந்ததும் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு தும்மல். மூக்குத் தண்ணீர் மாதிரி ஒழுகும், காய்ச்சல் வராது. உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருப்பாள். 'எல்லாருக்கும் வணக்கம் வைக்கிறாள்' என்று அப்பத்தா கேலி செய்வார். வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு, ஐஸ் எல்லாம் நிறுத்திப் பார்த்துவிட்டோம். வாசலில் ஒரு படவுக் மரம் இருக்கிறது, அதன் பூதான் காரணம், வெட்டிவிடு என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். என்ன செய்யட்டும்?
*வாசகர், மோல்மேன்*

பதில்: முதலில் மரத்தைக் காப்பாற்றுவோம். படவுக் நம் வேங்கை மரத்துக்கு உறவு. திஞ்சான் தண்ணீர்த் திருவிழாச் சமயத்தில், முதல் கோடை மழை விழுந்ததும், ஒரே நாளில் மஞ்சளாகப் பூத்து உதிர்ந்துவிடும். அதன் மகரந்தம் தேனீ சுமந்து போகிற ரகம். காற்றில் ஊர் ஊராகப் பறந்து மூக்கில் ஏறுவது பெரும்பாலும் புல்லின் மகரந்தம். அதோடு, ஏப்ரலில் பூக்கிற பூ ஆகஸ்டில் எப்படித் தும்மல் போடவைக்கும்? உங்கள் மகளுக்கு வருடம் பூராவும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

வாழைப்பழமும் பாவம், தயிரும் பாவம். சாப்பாட்டு அலர்ஜி என்றால் பெரும்பாலும் தோல் தடிக்கும், உதடு வீங்கும், வாந்தி வரும். தும்மல் ஒன்றை மட்டும் கிளப்பிவிட்டுச் சும்மா இருக்கிற சாப்பாடு மிக அபூர்வம். எல்லாவற்றையும் திரும்பக் கொடுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பது அலர்ஜி மூக்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சளி பிடித்தால் ஒரு வாரம், பத்து நாளில் ஓய்ந்துவிடும், நடுவில் காய்ச்சல் எட்டிப் பார்க்கும், மூக்குநீர் கெட்டியாகும். அலர்ஜி ஓயாது. தண்ணீராகவே ஒழுகும், அரிக்கும். அந்த அரிப்புதான் துப்பு. அப்பத்தா கேலி செய்கிற அந்த வணக்கத்தை மருத்துவப் புத்தகங்களும் 'அலர்ஜி வணக்கம்' என்றுதான் சொல்கின்றன. பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி மூக்கைப் பக்கவாட்டில் பாருங்கள். தேய்த்துத் தேய்த்து, மூக்கு நுனிக்குச் சற்று மேலே குறுக்காக ஒரு மெல்லிய கோடு விழுந்திருக்கும். கண்ணுக்குக் கீழே, தூங்காதவர்களுக்குப் போல, நீலக் கருமை இருக்கும். சிறுவயதில் முழங்கை மடிப்பில் எக்ஸிமா என்கிற அரிப்புப் படை இருந்ததா, உங்களுக்கோ உங்கள் மனைவிக்கோ ஆஸ்துமா உண்டா என்றும் எழுதுங்கள்.

அப்புறம் முக்கியமான கேள்வி. அவள் யாரோடு படுக்கிறாள்? எதில் படுக்கிறாள்?

ஏன் கேட்கிறேன் என்றால் நானே இதில் ஏமாந்தவள். பசுண்டவுனில் ஒரு குடும்பம். அந்த வீட்டுச் சின்னப் பையனுக்கு ஒரு வருடம் முழுக்க வைத்தியம் பார்த்தேன். மருந்து கொடுத்தால் நிற்கும், விட்டால் திரும்பும். ஒருநாள் அவன் தங்கைக்குக் காதுகுத்து என்று கூப்பிட்டார்கள். கூடத்தில் இடம் இல்லாமல் உள்ளறைக் கட்டிலில் உட்கார்ந்தேன். சாய்ந்துகொள்ளலாம் என்று தலையணையை நிமிர்த்தித் தட்டினேன். சன்னல் வழியாக வெயில் சாய்வாக விழுந்திருந்த நேரம். அந்த ஒளிக்கற்றையில் மாவு சலித்த மாதிரி ஒரு புகை எழுந்தது. எனக்கே நாலு தும்மல். பாட்டியின் கல்யாணத்துக்கு அடைத்த இலவம்பஞ்சு மெத்தையாம், தலையணையாம். உறை மட்டும் மாற்றுவார்களாம். பையன் பிறந்ததிலிருந்து பாட்டி பக்கத்தில் அதில்தான் தூக்கம். ஒரு வருடமாக மூக்கைப் பார்த்தேனே தவிர, மூக்கு ராத்திரி முழுக்க எதில் புதைந்து கிடக்கிறது என்று கேட்கவே இல்லை.

அந்தத் தூசிக்குள் குடியிருப்பது தூசிச்சிற்றுண்ணி. நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. நம் தோலில் இருந்து உதிர்கிற செதில்தான் அதற்குச் சாப்பாடு. கடிக்காது. அதன் எச்சத்தில் இருக்கிற புரதம்தான் மூக்கை அரிக்கவைக்கிறது. வீட்டுத் தூசி அலர்ஜிக்கு இந்தப் பூச்சிதான் காரணம் என்று 1960-களில் நெதர்லாந்தில் கண்டுபிடித்தார்கள். அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சித்தான் பிழைக்கிறது. காற்றின் ஈரம் 50 சதவீதத்துக்குக் கீழே போய் அப்படியே நின்றால் காய்ந்து சாகும். நம் ஊரில் ஜூலை, ஆகஸ்டில் 80-க்கு மேலே நிற்கிறது. மோல்மேன் மழையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? சிற்றுண்ணிக்கு அது சொர்க்கம்.

எனவே பிள்ளைக்குத் தனியாக ஒரு பாயும், துவைக்கக்கூடிய கெட்டிப் போர்வையை மடித்த விரிப்பும் போதும். அப்பத்தாவின் கதகதப்பு வேண்டும் என்று அழுதால், அப்பத்தாவும் பாய்க்கு வரட்டும். பழைய இலவம்பஞ்சைத் தூக்கிப் போட மனம் வராவிட்டால், மெத்தைக்கும் தலையணைக்கும் ரெக்சினிலோ நெருக்கமாக நெய்த துணியிலோ நாலு பக்கமும் மூடிய உறை தைத்து ஜிப் போடுங்கள். விரிப்பு, தலையணை உறை, போர்வை எல்லாம் வாரம் ஒரு தடவை கை வைக்க முடியாத சூட்டுத் தண்ணீரில், அதாவது 60 டிகிரி அளவில், ஊறவேண்டும். பச்சைத் தண்ணீர் அழுக்கையும் எச்சத்தையும் ஓரளவு கழுவும், பூச்சியைக் கொல்லாது. மார்ச், ஏப்ரல் வெயிலில் மெத்தையை மாடியில் போட்டு இரண்டு பக்கமும் காயவைத்துத் தட்டுங்கள். தட்டும்போது பிள்ளை கீழ்வீட்டில் இருக்கட்டும். பொம்மைக் கரடி இருந்தால் அதற்கும் குளியல் உண்டு.

இதை மட்டும் செய்தால் தும்மல் அடியோடு போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். உறையை மட்டும் மாற்றியவர்களுக்குப் பெரிய பலன் இல்லை என்று ஆராய்ச்சிகளே சொல்கின்றன. படுக்கை, கரப்பான், சுவர்ப் பூஞ்சை, புகை எல்லாவற்றையும் சேர்த்துக் குறைக்க வேண்டும், மருந்தும் வேண்டும். வீட்டில் தாத்தா சுருட்டுப் பிடிப்பாரா? 'செரூட்' என்று வெள்ளைக்காரன் சொன்னதே நம் 'சுருட்டு' என்ற சொல்லில் இருந்துதான். அந்தப் பெருமையோடு தாத்தா தெருமுனைக்குப் போய்ப் பிடிக்கட்டும். கொசுவர்த்திக்குப் பதில் கொசுவலை. அதையும் மாதம் ஒரு தடவை துவைக்க வேண்டும்.

மருந்து என்றால், தினமும் உப்புநீரால் மூக்குக் கழுவல். தும்மலும் அரிப்பும் அதிகமான நாளில் செட்டிரிசின் அல்லது லோரட்டாடின், அதிகம் தூக்கம் வராத ரகம். அளவை உங்கள் டாக்டர் எடை பார்த்துச் சொல்ல வேண்டும். மூக்கடைப்பு விடாமல் இருந்தால் மோமெட்டாசோன் போன்ற மூக்கு ஸ்ப்ரே. இரண்டு வயது முதல் கொடுக்கலாம். ஸ்டீராய்டு என்றதும் பயப்படாதீர்கள், மூக்கில் மட்டும் வேலை செய்கிற சிறு அளவு. ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பிள்ளையின் உயரத்தைக் கதவு நிலையில் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

நிறையப் பேர் இந்த மூக்கு ஸ்ப்ரேயைத் தப்பாக அடிக்கிறார்கள். தலையை அண்ணாந்து வைத்து மூக்கின் நடுச்சுவரைப் பார்த்து அடித்தால் எரியும், ரத்தம் கசியும், மருந்து தொண்டைக்கு ஓடும். தலை சற்றுக் குனிந்திருக்க வேண்டும். ஸ்ப்ரேயின் நுனி கண்ணின் வெளிமூலையைப் பார்க்க வேண்டும். நீங்கள் பிள்ளைக்குப் பின்னால் நின்று, வலது கையால் இடது மூக்கில், இடது கையால் வலது மூக்கில் அடித்தால் தானாகவே அந்தக் கோணம் வரும். அடித்த மறுநாளே பலன் தேடாதீர்கள், முழுப் பலனுக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். மூன்றாம் நாள் 'இது கேட்கவில்லை' என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

ராத்திரி இருமலோ, ஓடினால் நெஞ்சில் விசில் சத்தமோ இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். மூக்கும் நெஞ்சும் ஒரே குழாயின் இரண்டு முனைகள், ஒன்று அழற்சியில் இருந்தால் மற்றதும் சும்மா இருக்காது.

கேள்வி: மூன்று வயதுப் பையன். வலது மூக்கில் மட்டும் இரண்டு வாரமாக மஞ்சளாக ஒழுகுகிறது. பக்கத்தில் போனாலே நாற்றம். மூன்று பாட்டில் ஆன்டிபயாட்டிக் முடிந்துவிட்டது. அலர்ஜியா?
*வாசகி, பெகு*

பதில்: இல்லை. அலர்ஜி இரண்டு மூக்கிலும் ஒழுகும், நாறாது. ஒரே மூக்கு, நாற்றம், சின்னப் பிள்ளை என்று மூன்றும் சேர்ந்தால் உள்ளே ஏதோ சொருகியிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். நாளைக்கே மூக்கு, காது, தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

நான் எடுத்த பொருட்களில் மறக்க முடியாதது, பே பியோ என்கிற பட்டாணி அவியல் செய்ய ஊறவைத்த பட்டாணி. காலையில் நான்பியா ரொட்டியோடு தின்கிறோமே, அதே பட்டாணிதான். பிள்ளை மூக்கில் போட்டுக்கொண்டபோது சின்னதாகத்தான் இருந்திருக்கும். உள்ளே ஈரத்தில் ஊறி உப்பி, முளைவிடத் தொடங்கியிருந்தது. அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

வீட்டில் கொண்டையூசி, பட்ஸ் எதையும் வைத்துக் கிளறாதீர்கள், இன்னும் உள்ளே போகும். கடிகாரத்திலோ பொம்மையிலோ போடுகிற பொத்தான் பேட்டரி காணவில்லை என்றால் நாளை என்ற பேச்சே இல்லை, இந்த நிமிடமே ஓடுங்கள். சில மணி நேரத்திலேயே மூக்கின் நடுச்சுவரை அரித்துத் துளை போட்டுவிடும்.

கேள்வி: இரண்டரை வயதுப் பெண். மாதம் தவறாமல் சளி. தெருமுனைக் கடையில் சின்ன பிளாஸ்டிக் பையில் நாலைந்து மாத்திரையைப் போட்டுக் கொடுக்கிறார்கள். பொடித்துத் தேனில் கொடுத்தால் ஒரே நாளில் நிற்கிறது. ஆனால் திரும்ப வருகிறது. தொடரலாமா?
*வாசகி, ரங்கூன்*

பதில்: அந்தப் பைகளைப் பல தடவை மேசையில் கொட்டிப் பார்த்திருக்கிறேன். பெயர் அச்சிடாத அந்த மாத்திரைகளில் ஒன்று தூக்க மருந்து மாதிரி மயக்குகிற பழைய அலர்ஜி மாத்திரை, ஒன்று பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன் அல்லது பிரெட்னிசோலோன். அவை வாய்வழி ஸ்டீராய்டு, மேலே சொன்ன மூக்கு ஸ்ப்ரே அல்ல. ஒரே நாளில் நிற்கிறதே, அதற்குக் காரணம் அதுதான். மாதாமாதம் கொடுத்தால் முகம் உருண்டை ஆகும், வளர்த்தி தடைப்படும், கிருமியை எதிர்க்கிற சக்தி குறையும். 'பிள்ளை நல்லாச் சாப்பிடுது, கன்னம் வைச்சிருக்கு' என்று பாட்டிகள் சந்தோஷப்படுவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது.

ஆனால் வாரக்கணக்கில் தொடர்ந்து கொடுத்திருந்தால் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். மிச்சப் பையை எடுத்துக்கொண்டு ஒரு குழந்தை டாக்டரைப் பாருங்கள், படிப்படியாகக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

இந்த வயதில் வருடத்துக்கு ஆறு முதல் எட்டுத் தடவை சளி பிடிப்பது சாதாரணம். பாலர் பள்ளிக்குப் போனால் பத்துகூட வரும். மாதம் ஒரு சளி வந்து, நடுவில் பிள்ளை தெளிவாக விளையாடினால் அது நோயாளிப் பிள்ளை இல்லை, சும்மா மழைக்காலத்துப் பிள்ளை.

கேள்வி: பேரனுக்கு ஒரு வயது. மூக்கு ஒழுகுகிறது. சென்னைக்குக் கூட்டிப் போய் அலர்ஜி டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். போகலாமா?
*வாசகர், தட்டோன்*

பதில்: விமானச் சீட்டுப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். முதுகில் குத்தித் தோலில் பார்க்கிற சோதனையை இந்த வயதிலும் செய்யலாம், ரத்தத்திலும் பார்க்கலாம். ஆனால் ஒரு வயதில் தோல் சரியாகத் தடிக்காது, 'இல்லை' என்று வந்தாலும் நாளைக்கு வராது என்று அர்த்தம் இல்லை. 'உண்டு' என்று வந்தாலும் அதுதான் மூக்கு ஒழுகக் காரணம் என்று அர்த்தம் இல்லை. நாற்பது பொருட்களுக்குப் பட்டியல் போட்டு டெஸ்ட் எடுத்து, பதினைந்து சாப்பாட்டை நிறுத்தி, எலும்பும் தோலுமாக வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மூன்று நாலு வயதில் தொல்லை நிற்காமல் இருந்து, எதனால் என்று தெரிந்தால் வைத்தியம் மாறும் என்றால் அப்போது எடுக்கலாம்.

கேள்வி: ஐந்து வயது மகன் வாயைத் திறந்தபடி தூங்குகிறான், குறட்டை விடுகிறான். டீச்சர் கூப்பிட்டால் திரும்புவதில்லை, பிடிவாதம் என்கிறார்கள்.
*வாசகி, திங்கஞ்சுன்*

பதில்: பிடிவாதம் என்று அடிக்கிறதற்கு முன்னால் காதைப் பாருங்கள். மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே அடினாய்டு என்ற சதை உண்டு. இந்த வயதில்தான் அது பெரிதாக இருக்கும். அலர்ஜியும் சேர்ந்தால் மூக்கு அடைத்து, காதுக்குப் போகிற குழாயும் அடைத்து, செவிப்பறைக்குப் பின்னால் பசை மாதிரி நீர் கட்டும். வலிக்காது, அதனால் பிள்ளை சொல்லாது. தண்ணீருக்குள் இருந்து கேட்பதுபோல்தான் அவனுக்கு டீச்சர் குரல் கேட்கும். அவன் முதுகுக்குப் பின்னால் நின்று மெல்லிய குரலில், 'மிட்டாய் வேணுமா?' என்று கேட்டுப் பாருங்கள். திரும்பாவிட்டால் காது, மூக்கு டாக்டரிடம் கேட்கும் திறன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்றும் ஒரு ராத்திரி விழித்துப் பார்த்து, முடிந்தால் போனில் பதிவு செய்து கொண்டுபோங்கள்.

கேள்வி: மூக்கு அலர்ஜி உள்ள பிள்ளைக்குத் தனகா பூசலாமா?
*வாசகி, தாம்வே*

பதில்: பூசலாம். தனகா என்பது நம் பர்மாவில் முகத்தில் பூசுகிற மரப்பட்டைச் சாந்துதானே. கட்டையைக் கல்லில் தண்ணீர் விட்டு உரைத்து, ஈரமாகப் பூசினால் மூக்குக்குள் போக அதில் தூள் இல்லை. வாசனை சேர்த்த டப்பாத் தூள் வேண்டாம். குளித்ததும் பஃப் வைத்து முகத்தில் அப்புகிற டால்கம் பவுடரும் வேண்டவே வேண்டாம், கைக்குழந்தைக்கு அது நேராக நெஞ்சுக்குள் போகும். மூக்கைத் தேய்க்கிற பிள்ளைக்குக் கன்னத்தில் மட்டும் பூசுங்கள், மூக்கில் பூசினால் ஐந்து நிமிடத்தில் அழித்துவிடும்.